கோப்புகள் ஒரு பக்கம், விவரங்கள் ஒரு பக்கம்: சிறு நூலகம் ஒன்றின் டிஜிட்டல் களஞ்சியத்துக்குச் சேமிப்பு ஏற்பாடு செய்த கதை

## பின்னணி

தென்மாவட்டம் ஒன்றில் ஓர் அறக்கட்டளை நடத்திவரும் சிறிய ஆய்வு நூலகத்தில் நடந்தது இது. ஊர், நூலகம், ஆட்கள் எவர் பெயரையும் இங்கே தரவில்லை. களஞ்சியத்தின் சேமிப்பு ஏற்பாட்டைத் திருத்தியமைக்க நூலகம் அழைத்தவர்களில் நானும் ஒருவன். இதே நிலையில் இருக்கும் வேறு நூலகங்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நூலகத்தில் இருப்பவை பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியைச் சேர்ந்த சிற்றிதழ்கள், குஜிலிப் பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீஸ்கள், சங்க மலர்கள். இவற்றில் கணிசமான பகுதி நூலகத்துக்குச் சொந்தமில்லை. வீடுகளில் பரண்மேல் கிடந்ததை இரவல் வாங்கி, ஸ்கேன் செய்து, திருப்பிக் கொடுத்தவை. ஒரு தாள் நம் கையைவிட்டுப் போய்விட்டால், ஸ்கேன் செய்த கோப்புதான் நம்மிடம் இருக்கும் ஒரே பிரதி.

ஸ்கேன் செய்யும்போது அங்குலத்துக்கு 400 புள்ளி, 24 பிட் வண்ணம், சுருக்கப்படாத டிஃப் (TIFF) படக் கோப்பு என்று வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு ஏ4 பக்கம் சுமார் 46 மெகாபைட். 2 லட்சம் பக்கங்கள் சேர்ந்திருந்தன, ஆக 9 டெராபைட்டுக்குச் சற்று மேல். வாசகர்கள் இணையத்தில் படிப்பதற்கென்று சுருக்கிய பிடிஎஃப்கள் தனி. அவை எல்லாம் சேர்ந்தும் 300 ஜிபியைத் தொடவில்லை.

களஞ்சிய மென்பொருள் டிஸ்பேஸ். எம்ஐடியும் எச்பி நிறுவனமும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அது. நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும் அதுதான் ஓடுகிறது. டிஸ்பேஸ் தன்னிடம் வருவதை இரண்டாகப் பிரித்து வைக்கும். பிடிஎஃப், படம் போன்ற கோப்புகள் 'அசெட்ஸ்டோர்' என்ற ஃபோல்டருக்குள் போகும். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, உரிமை, யார் பார்க்கலாம் என்ற அனுமதி ஆகிய மீதரவு முழுவதும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குள் போகும். அசெட்ஸ்டோருக்குள் நுழையும் கோப்பு தன் பழைய பெயரை இழந்துவிடும். அங்கே அதன் பெயர் ஒரு 38 இலக்க எண். அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று ஃபோல்டர்களாகும். எந்த எண் எந்த இதழ் என்பது தரவுத்தளத்துக்கு மட்டும்தான் தெரியும்.

இவையெல்லாம் ஒரே கணினியில் இருந்தன. இயங்குதளமும் தரவுத்தளமும் ஒரு எஸ்எஸ்டியில், அசெட்ஸ்டோர் ஒன்றுக்கொன்று நகலாக ஓடும் இரண்டு டிஸ்க்குகளில். மூல டிஃப்கள் எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளில், நூலகர் அறையில் இருந்த இரும்பு பீரோவுக்குள். அவை எழுதி வைத்த பிறகு பெரும்பாலும் திறக்கப்படாதவை.

## நடந்தது

கோடை மழையில் ஒரு இரவு மின்சாரம் பலமுறை போய் வந்தது. யுபிஎஸ் பேட்டரி பழையது, தாங்கவில்லை. காலையில் சர்வர் எழவில்லை. எஸ்எஸ்டி இருப்பதாகவே கணினி காட்டவில்லை. கோப்புகள் இருந்த இரண்டு டிஸ்க்குகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"கோப்பெல்லாம் பத்திரமா இருக்கு மேடம், டேட்டாபேஸை மட்டும் பேக்கப்ல இருந்து ஏத்திட்டா போதும்" என்று தொழில்நுட்ப உதவியாளர் நூலகரிடம் சொன்னார். தினமும் இரவு இரண்டு மணிக்குத் தரவுத்தளத்தின் நகலை எடுத்துச் சுருக்கி வைக்க ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது. நகல்களும் கோப்பு டிஸ்க்கில்தான் சேர்ந்துகொண்டிருந்தன. எனவே அவர் அப்படி நம்பியதில் தப்பில்லை.

## கண்டவை

நகல் இருந்த ஃபோல்டரைத் திறந்தபோது தேதி வாரியாக ஒரு நாள்கூட விடாமல் கோப்புகள் இருந்தன. பக்கத்தில் அளவு: 20 பைட். அதற்கு முந்தைய நாள், 20 பைட். அதற்கு முந்தையதும் 20 பைட். மேலே உருட்டிக்கொண்டே போனால், ஏழு மாதங்களுக்கு முன்பு ஒரு தேதியில்தான் அளவு சில மெகாபைட்டாக மாறியது.

அந்தத் தேதியில்தான் போஸ்ட்கிரெஸ் பதிப்பை உயர்த்தியிருக்கிறார்கள். ஸ்கிரிப்ட் மட்டும் பழைய நகலெடுக்கும் கருவியையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பழைய கருவி தன்னைவிடப் புதிய சர்வரைக் கண்டால் பதிப்பு பொருந்தவில்லை என்று நின்றுவிடும். அது நின்ற பிறகும், அடுத்து இருந்த சுருக்கும் நிரல் வேலையைத் தொடர்ந்தது. வந்த வெறுமையைச் சுருக்கினால் கிடைப்பது அந்த 20 பைட்தான். பிழைச் செய்தி யாரும் படிக்காத ஒரு அஞ்சல் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது.

அசெட்ஸ்டோரைப் பார்த்தோம். எண்கள், எண்கள், எண்கள். ஒவ்வொன்றையும் திறந்தால் பிடிஎஃப் அழகாகத் திறக்கிறது. அது எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது, அதன் ஆண்டை நூலகர் எப்படிக் கண்டுபிடித்தார், எந்தப் புனைபெயருக்குப் பின்னால் யார் என்று தீர்மானித்தார், இவை எதுவும் அந்தப் பிடிஎஃப்பில் இல்லை. அட்டை கிழிந்த இதழ் ஒன்றுக்கு ஆண்டு குறிக்க, உள்ளே இருக்கும் விளம்பரங்களையும் பஞ்சாங்கக் குறிப்பையும் வைத்து நாள்கணக்கில் உட்கார்ந்து பார்த்தவர் அவர். அந்த உழைப்பு முழுவதும் தரவுத்தளத்தில்தான் இருந்தது. தாள் இருந்தால் ஸ்கேனை மறுபடி எடுத்துவிடலாம், இதை எப்படி மறுபடி எடுப்பது?

## மீட்டெடுத்த விதம்

நான்கு இடங்களிலிருந்து துண்டு துண்டாகச் சேர்த்தோம்.

முதலாவது, ஏழு மாதம் பழைய அந்த நல்ல நகல். அதில் அதுவரை ஏறிய எல்லாக் கோப்புகளின் எண்ணும், ஒவ்வொன்றின் எம்டி5 செக்சமும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஒரு எண்) இருந்தன.

இரண்டாவது, தேடலுக்காக டிஸ்பேஸ் பயன்படுத்தும் சோலர் அட்டவணை. எஸ்எஸ்டியில் இடம் போதாமல் அதை முன்னொரு சமயம் பெரிய டிஸ்க்குக்கு மாற்றியிருந்தார்கள். அதனால் தப்பித்தது. தேடலுக்காக எழுதிய அட்டவணையிலேயே தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பொருள் எல்லாம் கடைசி நாள் வரை இருந்தன. நூலகரின் திருத்தங்களில் பெரும்பகுதி இப்படித்தான் கிடைத்தது. ஆனால் எந்த விவரம் எந்த 38 இலக்க எண்ணுக்கு உரியது என்பது அட்டவணையில் இல்லை.

மூன்றாவது, ஸ்கேன் அறைக் கணினி. களஞ்சியத்தில் ஏற்றிய பிடிஎஃப்களின் அசல்களை அங்கே வேலை செய்தவர் நீக்காமல் வைத்திருந்தார். இரண்டு பக்கமும் எல்லாக் கோப்புகளுக்கும் எம்டி5 கணக்கிட்டு ஒப்பிட்டோம். ஒரே செக்சம் வந்தால் ஒரே கோப்பு. பெயரில்லாத எண்களுக்குப் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. எங்கும் பொருந்தாமல் மிஞ்சிய சிலவற்றை நூலகரே திறந்து, முகப்புப் பக்கத்தைப் படித்து அடையாளம் சொன்னார்.

நான்காவது, இரவல் நோட்டு. யாரிடமிருந்து வாங்கியது, என்ன நிபந்தனை என்பதை வெளியே தெரியாத ஒரு புலத்தில் எழுதிவந்தார்கள். அந்தப் புலத்தைத் தேடல் அட்டவணையில் சேர்த்திருக்கவில்லை. எனவே ஏழு மாதக் குறிப்புகள் போய்விட்டன. நூலகர் பழைய வழக்கம் விடாமல் காகித நோட்டிலும் எழுதி வைத்திருந்ததால் அதில் பெரும்பகுதியை மறுபடி தட்டச்சு செய்ய முடிந்தது.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. சில குடும்பங்கள் 'நூலகத்துக்குள் வந்து பார்க்கட்டும், இணையத்தில் வேண்டாம்' என்று சொல்லிக் கொடுத்த கடிதத் தொகுப்புகளும் களஞ்சியத்தில் உண்டு. அந்தத் தடை தரவுத்தளத்தில் மட்டும் பதிவாகியிருந்த ஒன்று. மீட்டெடுத்ததை அப்படியே திறந்துவிட்டால் அவை உலகத்துக்கே தெரியும். ஆய்வாளர்கள் தினமும் போன் செய்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருந்தாலும் நோட்டோடு ஒவ்வொன்றையும் சரிபார்க்கும்வரை தளத்தைத் திறப்பதில்லை என்று நூலகர் உறுதியாக நின்றார். சரியான முடிவு. கொடுத்த வாக்கை ஒரு வன்பொருள் கோளாறுக்காக மீற முடியாது.

இந்தச் சமயத்திலேயே பீரோவைத் திறந்து, மூல டிஃப்கள் எல்லாவற்றையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒருமுறை படிக்க வைத்தோம். ஒரு டிஸ்க் டக் டக் என்று தட்டிக்கொண்டே இருந்தது. அதிலிருந்த பலவற்றைப் பொறுமையாக வெளியே எடுத்தோம். சில பக்கங்கள் வரவில்லை. சொந்தப் பிரதிகளை மறுபடி ஸ்கேன் செய்தார்கள். இரவல் வாங்கியவற்றில் ஒரு வீட்டை இதற்குள் இடித்துக் கட்டியிருந்தார்கள், பழைய காகிதம் எதுவும் அங்கே மிஞ்சவில்லை. அந்த இதழ்களுக்கு இனி சுருக்கிய பிடிஎஃப் மட்டுமே.

## எதை எங்கே வைப்பது: பரிசீலித்த வழிகள்

தளம் மறுபடி ஓடத் தொடங்கியதும் அறங்காவலர்கள் கூடினார்கள். அன்று பேசியதில் எனக்கு மிகவும் உதவியது நூலகர் கேட்ட ஒரு கேள்வி: "நானும் இல்லை, தம்பியும் இல்லைன்னு வெச்சுக்குங்க. புதுசா ஒருத்தர் வந்து இந்த டிஸ்க்கைத் திறந்தா, அவருக்கு இது என்னன்னு புரியுமா?" அதற்குப் பிறகு எந்த ஏற்பாட்டைப் பேசினாலும் இந்தக் கேள்வியையே உரைகல்லாக வைத்துக்கொண்டோம்.

'எல்லாவற்றையும் தரவுத்தளத்துக்குள்ளேயே போட்டுவிட்டால் ஒரே இடமாக இருக்குமே' என்று ஒரு அறங்காவலர் கேட்டார். நியாயமான கேள்விதான். போஸ்ட்கிரெஸ் ஒரு புலத்தில் 1 ஜிபி வரை கோப்பை ஏற்கும், இங்குள்ள பிடிஎஃப்கள் அதற்குள் அடங்கும். ஆனால் அப்படிச் செய்தால், சில மெகாபைட்டில் முடியும் இரவு நகல் 300 ஜிபியாகிவிடும். தினமும் எடுக்க முடியாது, எடுத்தாலும் வெளியூருக்கு அனுப்ப முடியாது. மென்பொருள் கைவிட்டால் கோப்புகூடக் கையில் மிஞ்சாது.

கோப்பு கனமானது, ஒருமுறை எழுதிய பிறகு மாறாதது. மீதரவு இலேசானது, தினமும் மாறுவது. இந்த நூலகத்தின் மொத்த மீதரவையும் சுருக்கினால், ஒரே ஒரு மூல டிஃப் பக்கத்தைவிடச் சிறியது. இரண்டுக்கும் ஒரே காப்பு முறையை வைத்தால் ஒன்றுக்குப் பொருந்தும், மற்றதற்குப் பொருந்தாது. பிரித்துத்தான் வைக்க வேண்டும். பிரித்து வைத்தாலும், ஒன்றிலிருந்து மற்றதை மென்பொருளின் தயவில்லாமல் கண்டுபிடிக்க முடிய வேண்டும். நடந்த விபத்தில் உடைந்தது இரண்டையும் இணைக்கும் அந்தக் கண்ணிதான்.

மேகச் சேமிப்பை (கிளவுட்) நீண்ட நேரம் பேசினோம். பெரிய சேவைகள் 99.999999999 விழுக்காடு பாதுகாப்புக்கு வடிவமைக்கப்பட்டவை என்று விளம்பரப்படுத்துகின்றன. அந்த எண் அவர்களுடைய டிஸ்க்குகளைப் பற்றியது. பில் கட்டாமல் போவது, கணக்கின் கடவுச்சொல் ஓய்வுபெற்றவரோடு போவது, தவறாக அழித்துவிடுவது எதுவும் அதில் சேராது. ரிசர்வ் வங்கியின் விதிகளால் 2021 அக்டோபர் முதல் கார்டிலிருந்து தானாகப் பணம் பிடிப்பது கடினமாகியபோது, அறக்கட்டளையின் வேறொரு சந்தா சத்தமில்லாமல் நின்றுபோன அனுபவம் அலுவலகத்தில் இருந்தது. அப்புறம் வேகம். நூலகத்தின் பிராட்பேண்டில் மேலேற்றும் வேகம் நொடிக்கு 20 மெகாபிட். 9 டெராபைட்டை ஏற்ற இடைவிடாமல் 40 நாளுக்கு மேல் ஆகும். திரும்ப இறக்கத் தனிக் கட்டணமும் உண்டு. அமேசானின் டீப் ஆர்கைவ் போன்ற, அரிதாக எடுக்கும் கோப்புகளுக்கான குளிர் சேமிப்பு மலிவு. ஆனால் கேட்ட கோப்பு கைக்கு வர 12 மணி நேரமோ, மலிவான வழியில் 48 மணி நேரமோ ஆகலாம், 180 நாளுக்கு முன்பே அழித்தாலும் அந்த 180 நாளுக்குப் பணம் உண்டு. தினசரி வேலைக்கு ஆகாது. தீ, வெள்ளத்துக்குப் பின் எடுத்துக்கொள்ள வைத்திருக்கலாம்.

எல்டிஓ என்ற காந்த நாடா (டேப்) ஆவணக் காப்புக்கு நல்ல ஊடகம். எல்டிஓ-8 டேப் ஒன்றே 12 டெராபைட் கொள்ளும், எங்கள் முழுச் சேகரமும் ஒரு டேப்பில் முடிந்துவிடும். ஆனால் டேப்பை எழுதும் கருவியின் விலை சில லட்சம். அது பழுதானால் ஊரில் பார்க்க ஆளில்லை. இந்த அளவு நூலகத்துக்கு வேண்டாம் என்று விட்டோம். ஒளித்தட்டுகளை, எண்ணிக்கை அதிகமாகும் என்பதால், பேச்சிலேயே கைவிட்டோம்.

நகல்கள் எல்லாம் ஒரே கட்டடத்தில் இருப்பது பற்றித்தான் அதிகக் கவலை. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்திராஸ்பூர்கில் ஓவிஎச் தரவு மையம் எரிந்தபோது, காப்புநகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில், காப்புநகல் எடுக்கும் ஸ்கிரிப்டில் இருந்த பிழையே சுமார் 77 டெராபைட் கோப்புகளை அழித்தது. இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது மூத்த அறங்காவலர் ஒருவர், "யாழ்ப்பாணம் 1981ஐ நாங்க பேப்பர்ல படிச்சவங்க. ரெண்டாவது ஊர் கட்டாயம் வேணும். செலவைப் பத்தி யோசிக்காதீங்க" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மூல டிஃப்களுக்கு ஒரு என்ஏஎஸ் பெட்டி (பல டிஸ்க்குகளை நெட்வொர்க் வழியாகத் தரும் சேமிப்புக் கருவி) வாங்கினோம். ஆறு 4 டெராபைட் டிஸ்க்குகள், டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்க இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை. இரண்டு டிஸ்க் ஒரே சமயத்தில் போனாலும் தாங்கும் அமைப்பு. பயன்படுத்தக் கிடைக்கும் இடம் சுமார் 16 டெராபைட். இசட்எஃப்எஸ்ஸைத் தேர்ந்ததற்குக் காரணம், எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் அது செக்சம் வைத்துக்கொள்வது. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் படித்துப் பார்க்கச் சொன்னால், கெட்டுப்போன துண்டை நல்ல பிரதியிலிருந்து தானே சரிசெய்யும். பீரோவில் நடக்காமல் போனது இந்தப் படித்துப் பார்க்கும் வேலைதான். டிஸ்க்குகளை இரண்டு கடைகளில், இரண்டு தயாரிப்புத் தொகுதிகளிலிருந்து வாங்கினோம். ஒரே தொகுதியில் வந்தவை ஒரே காலத்தில் பழுதாகும் வாய்ப்பு அதிகம். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் எஸ்எம்ஆர் வகையைத் தவிர்த்தோம். பழுதான டிஸ்க்கை மாற்றி மறுகட்டமைக்கும்போது அவை மிகவும் தடுமாறும்.

இரண்டாவது பிரதி வெளியூரில், அறங்காவலர் ஒருவரின் அலுவலகத்தில். இரண்டு தொகுப்பு எக்ஸ்டர்னல் டிஸ்க்குகள் காலாண்டுக்கு ஒருமுறை இடம் மாறும், ஒன்று அங்கே, ஒன்று இங்கே. மின்சாரத்தோடும் இணையத்தோடும் தொடர்பில்லாமல் இருப்பதால், பணம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் வைரஸ் அதைத் தொட முடியாது. மூன்றாவது பிரதி மேகத்தின் குளிர் சேமிப்பில். அதில் இரவல் வாங்கியவையும் வேறெங்கும் இல்லாதவையும் மட்டும், 3 டெராபைட் அளவுக்கு. எல்லாவற்றையும் ஏற்ற வேண்டாம் என்று முடிவெடுத்தது பணத்துக்காகத்தான். எதை முதலில் காப்பது என்ற பட்டியலை நூலகர் போட்டார். ரூபாயில் பில் தரும் கணக்கு, ஆண்டுக்கு ஒருமுறை முன்பணம், இரண்டு பேர் கையில் கடவுச்சொல்.

வாசகருக்கான பிடிஎஃப்களை டிஸ்பேஸின் அசெட்ஸ்டோரிலேயே, உள்ளூர் டிஸ்க்கில் விட்டோம். மேகத்தில் அசெட்ஸ்டோரை வைக்க டிஸ்பேஸில் வழி இருக்கிறது. ஆனால் வாசிப்பு அறைக்கு வருபவர்கள் இணையம் அறுந்த நாளிலும் படிக்க வேண்டும்.

தரவுத்தளத்துக்கு ஒன்றுக்கொன்று நகலான இரண்டு எஸ்எஸ்டிகள், புது யுபிஎஸ். இரவு நகல் எடுக்கும் ஸ்கிரிப்டைத் திருத்தி எழுதினோம். கருவி பிழையோடு நின்றால் ஸ்கிரிப்டும் நிற்கும். நகலின் அளவு முந்தைய நாளைவிடக் குறைந்தால் நூலகருக்கும் உதவியாளருக்கும் குறுஞ்செய்தி போகும். எல்லாம் சரியாக இருந்தாலும் வாரம் ஒரு செய்தி போகும், ஏனென்றால் மௌனத்தை நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டதுதான் ஏழு மாதத்தை விழுங்கியது. மாதம் ஒருமுறை அந்த நகலை ஒரு பழைய கணினியில் ஏற்றி, களஞ்சியம் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏற்றிப் பார்க்காத நகலை நகல் என்று கணக்கில் சேர்ப்பதில்லை.

இனி அந்தக் கண்ணி. ஒவ்வொரு இதழுக்கும், ஒவ்வொரு நூலுக்கும் ஒரு தனி ஃபோல்டர் என்று வைத்து, அதை பேக்இட் முறையில் கட்டினோம். 2018இல் ஆர்எஃப்சி 8493 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாகப் பதிவான எளிய முறை இது. உள்ளே ஒரு ஃபோல்டரில் கோப்புகள். பக்கத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 செக்சம் எழுதிய சாதாரண உரைக் கோப்பு. இன்னொரு உரைக் கோப்பில் தலைப்பு, ஆண்டு, தொகுப்பு விவரம். டிஸ்பேஸிலிருந்து ஏற்றுமதி செய்த மெட்ஸ் கோப்பையும் (மீதரவை உரையாக எழுதி வைக்கும் வடிவம்) அதே கட்டுக்குள் வைத்தோம். முழு மீதரவும், யார் பார்க்கலாம் என்ற அனுமதியும் அதில் இருக்கும். டிஸ்பேஸ் இல்லாவிட்டாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். நூலகரின் கேள்விக்கு இந்த ஃபோல்டர்தான் விடை.

மீதரவு திருத்தப்படும்போதெல்லாம் செக்சம் பட்டியல் குழம்பிப் போகாதா என்று உதவியாளர் கேட்டார். பேக்இட்டில் கோப்புகளுக்கு ஒரு பட்டியல், விவரத் தாள்களுக்கு வேறொரு பட்டியல். விவரம் மாறினால் இரண்டாவது மட்டும் மாறும், டிஃப்களின் செக்சம் ஸ்கேன் செய்த நாளில் எப்படியிருந்ததோ அப்படியே இருக்கும். வாரம் ஒருமுறை, திருத்தம் நடந்த கட்டுகளுக்கு மட்டும் மெட்ஸைப் புதுப்பிக்கிறோம். இதே காரணத்துக்காகத்தான் பிடிஎஃப்புக்குள் தலைப்பையோ ஆசிரியரையோ பதிய வேண்டாம் என்றும், மாறாத அடையாள எண்ணை மட்டும், அதுவும் பிடிஎஃப் உருவாகும்போதே பதிய வேண்டும் என்றும் வைத்தோம். 2020இல் வெளிவந்த ஓசிஎஃப்எல் முறையையும் பார்த்தோம். பதிப்பு வரலாற்றை நன்றாகக் காக்கும் முறை. ஆனால் டிஸ்பேஸ் அதை நேரடியாக எழுதாது, இங்கே அதைப் பராமரிக்க ஆளும் இல்லை.

## இடமாற்றம்

பழைய டிஸ்க்குகளிலிருந்து என்ஏஎஸ்ஸுக்கு மாற்றும்போது எதிர்பாராத சிக்கல் தமிழ்ப் பெயர்களில் வந்தது. செக்சம் ஒப்பிடும் நிரல், நூற்றுக்கணக்கான கோப்புகளைக் 'காணவில்லை' என்றது. கண்ணுக்கு முன்னால் கோப்பு இருக்கிறது, பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். 'பொ', 'கோ' போன்ற எழுத்துகள் வரும் பெயர்களில் மட்டும்தான் இந்தத் தகராறு.

யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. ஸ்கேன் செய்த ஒரு தன்னார்வலர் மேக் கணினி வைத்திருந்தார். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை கோப்புப் பெயரைப் பிரித்து எழுதும், விண்டோஸ் கணினியில் தட்டச்சு செய்த பட்டியலில் சேர்த்து எழுதியிருந்தது. கணினியின் கண்ணில் இரண்டும் வேறு வேறு பெயர். இன்னொன்று, லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகளில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். எனவே மெய்யும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணி 85தான் உச்சம். மலரின் முழுத் தலைப்பையும் ஆண்டையும் வெளியிட்ட சங்கத்தின் பெயரையும் ஒரே கோப்புப் பெயரில் எழுதும் வழக்கம் அங்கே இருந்ததால் சில பெயர்கள் இந்த எல்லையில் முட்டின.

கோப்புக்கும் ஃபோல்டருக்கும் வெறும் எண்ணும் ஆங்கில எழுத்தும் கொண்ட அடையாளமே பெயராகட்டும் என்று நான் சொன்னபோது நூலகருக்கு மனமில்லை. தமிழ் நூலகத்தில் தமிழ்ப் பெயர் ஏன் கூடாது என்று கேட்டார். அவருடைய வருத்தம் எனக்கும் உண்டு. கடைசியில் பெயர் அடையாள எண்ணாகவும், தமிழ்த் தலைப்பு கட்டின் விவரத் தாளில் முதல் வரியாகவும் இருக்க ஒப்புக்கொண்டார். எல்லாத் தமிழ் உரையும் சேர்த்து எழுதிய வடிவில்தான் இருக்க வேண்டும் என்று விதி வைத்து, ஏற்றும்போதே மாற்றிவிடும்படி செய்தோம். பழைய எக்செல் பட்டியல்கள் சில யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருந்தன. குறிப்பிட்ட ஃபாண்ட் இல்லாவிட்டால் அவை வெறும் குப்பையாகத் தெரியும். அவற்றையும் இந்தச் சமயத்திலேயே மாற்றியாயிற்று.

## பின்விளைவு

முதல் ஆண்டுக்குள் என்ஏஎஸ்ஸில் ஒரு டிஸ்க் போனது. மாற்று டிஸ்க் கையிருப்பில் இருந்ததால் உதவியாளர் அன்றே மாற்றினார், மறுகட்டமைப்பு முடியும்வரை களஞ்சியம் ஓடிக்கொண்டேயிருந்தது. மாதாந்திரச் சோதனை ஒருமுறை கெட்ட துண்டு ஒன்றைக் கண்டு தானே சரிசெய்தது. பீரோ காலமாக இருந்தால் அந்தப் பக்கத்தை யாராவது கேட்கும் நாளில்தான் தெரிந்திருக்கும்.

பெரிய சோதனை, டிஸ்பேஸை 7ஆம் பதிப்புக்கு மாற்றியபோது வந்தது. பழைய தரவுத்தளத்தை உயர்த்துவதோடு, தனியாக ஒரு கணினியில் ஏற்றுமதிக் கட்டுகளை மட்டும் வைத்து, தரவுத்தளமே இல்லை என்று பாவித்து ஒரு தொகுப்பை மீட்டுப் பார்த்தார்கள். விவரங்கள், கோப்புகள், நிரந்தர முகவரி, அனுமதிகள் எல்லாம் வந்தன. 'இணையத்தில் வேண்டாம்' என்று சொன்ன கடிதங்கள் மூடியே இருந்தன. முதலில் திறந்து பார்த்தது நூலகர்தான்.

செலவைப் பொறுத்தவரை, டிஸ்க்கைவிட ஆளின் நேரம்தான் அதிகம் பிடித்தது. மாதாந்திர மீட்புப் பயிற்சி சில மாதங்களில் தள்ளிப்போனது. அதை அறங்காவலர் கூட்டத்தின் நிரலில் ஒரு வரியாகச் சேர்த்த பிறகு ஒழுங்காக நடக்கிறது.

## இனி மாற்ற வேண்டியவை

செக்சம் இப்போது களஞ்சியத்தில் ஏற்றும்போதுதான் கணக்கிடப்படுகிறது. ஸ்கேனரிலிருந்து கோப்பு வெளிவந்த நிமிடத்திலேயே எடுக்க வேண்டும். இடையில் பென் டிரைவில் போய் வரும் பயணத்தில் கெட்டுப்போனால், கெட்ட கோப்பின் செக்சத்தைத்தான் பத்திரமாகக் காத்துக்கொண்டிருப்போம்.

எத்தனை பேர் எந்த இதழைப் படித்தார்கள் என்ற புள்ளிவிவரம் டிஸ்பேஸில் சோலரில் மட்டுமே இருக்கும், தரவுத்தள நகலில் வராது. நிதி கேட்டு எழுதும்போது அது தேவைப்படுகிறது. அதையும் இரவு நகலில் சேர்க்கும் வேலை பாக்கி.

இரவல் கொடுத்தவர்களின் இசைவுக் கடிதங்கள் இன்னும் காகிதத்தில், அதே பீரோவில் இருக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்து அந்தந்தக் கட்டுக்குள்ளேயே வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

வெளியூர்ப் பிரதி ஒரு தனிமனிதரின் அலுவலகத்தை நம்பியிருக்கிறது. 1999இல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய லாக்ஸ் திட்டம் காட்டிய வழியில், நூலகங்கள் ஒன்றின் பிரதியை மற்றொன்று வைத்துக்கொள்ளலாமே என்று வேறு மாவட்டக் கல்லூரி ஒன்றோடு பேச்சு நடக்கிறது. மூடிய தொகுப்புகளைப் பூட்டி அனுப்புவதா, அனுப்பாமலே விடுவதா என்பது முடிவாகவில்லை. பூட்டினால் சாவியை யார் காப்பது என்ற கேள்வி வருகிறது, அதற்கு அந்தக் குடும்பங்களிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று நூலகர் சொல்லியிருக்கிறார்.